கிளட்ச் இல்லாத வண்டி

அன்புள்ள சத்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம், இன்றைக்கு மனதாரவே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சை மாற்றிவிடுகிறார், அதனால்தான் கடிதம். போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றோமே, அது காய்ச்சல் இல்லை. பதறாமல் படி.

மீமிசல் அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும், நம் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது, அதனால் அப்பா புதுக்கோட்டையில் ஒரு எஸ்.யூ.வி.யை வாடகைக்கு எடுத்தார். சி.வி.டி. வண்டியாம், கிளட்சும் இல்லை, கியர் போடும் வேலையும் இல்லை. அப்பாவின் இடது கால் வழியெல்லாம் கிளட்சைத் தேடித் தேடி ஏமாந்தது. ஆனால் அறந்தாங்கி தாண்டியதும், "கியரு மாறுறதே தெரியல பாரு, எண்ணெயில வழுக்குற மாதிரில்ல போகுது" என்று சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். ஒரு லாரியை முந்தும்போது மட்டும் இன்ஜின் உறுமிவிட்டு அப்புறம்தான் வேகம் பிடித்தது.

திரும்பும்போது நண்டு வாங்கலாம் என்று கட்டுமாவடி வழியாக வந்தோம். ஊரைத் தாண்டியதும் அப்பா வண்டியை ஓரங்கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், சட்டையெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் அரை மணி நேரமாகும் என்றார்கள். என்னிடம் லைசென்ஸ் இருந்து என்ன, கிளட்சை விட்டதும் வண்டி நின்றுபோகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அந்த வெட்கத்தில் ஓட்டுவதையே விட்டவள்தானே நான். அப்பாவை அடுத்த சீட்டுக்கு நகர்த்தி உட்காரவைத்தேன். வரும்போது அப்பா செய்ததைப் பார்த்திருந்தபடி லீவரை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளி பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாக நகர்ந்தது சத்யா, குலுக்கலும் இல்லை, நிற்கவும் இல்லை. முன்னால் போன பஸ்ஸை முந்த மிதித்ததும் அது உறுமிய உறுமலில் எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அப்பா கண்ணை மூடியபடியே, "சத்தத்துக்குப் பயப்படாத, மிதி" என்றார். மிதித்தேன்.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்து உடனே ஊசி போட்டார்கள். "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கம்மா" என்றார் டாக்டர். அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. இப்போது வீட்டில் இருக்கிறார், உப்பில்லாத ரசத்துக்கு என்னோடு சண்டை போடுகிறார். அறந்தாங்கியிலேயே நின்ற வண்டியை நேற்று நானே ஓட்டிவந்து திருப்பிக் கொடுத்தேன். வாடகைக்காரர் ஆனந்தராஜ், "டிரைவர் எங்கம்மா?" என்று பின்சீட்டை எட்டிப் பார்த்தார். நான்தாங்க என்றேன்.

அப்பா தானாகச் சொல்லும்வரை உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மாப்பிள்ளை இருக்கிறார் என்று இருந்துவிடாமல் நீயும் அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொள்.

பிரியமுள்ள அம்மா,
உண்ணாமலை