நிரப்பாத கட்டம்

ஜூலை 9, புதன்

மிஷன் பல்கலைக்கழக ஆவண அறையில் இன்று பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகள். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் தோல் பதனிடும் ஷாப், பீடி சுற்றுதல் என்று முத்து முத்தான கையெழுத்து. சாதிக் கட்டம் மட்டும் பக்கம் பக்கமாகக் காலி.

ஏன் எழுதவில்லை என்று அந்தக் காலத்துப் பதிவாளர் கேட்ட மெமோ உள்ளே இருந்தது. அதன் அடியில் பதிவேட்டை எழுதிய குமாஸ்தாவின் பதில்: “முதல் பையனைக் கேட்டேன். தலை குனிந்தான். அதன்பிறகு யாரையும் கேட்கவில்லை.”

எப்பேர்ப்பட்ட மனிதர்!

“கட்டத்த காலியா வுட்டா சேவ் ஆவாதும்மா. எதாவது போட்டுடு,” என்றார் எங்கள் சூப்பரின்டெண்ட்.

“யாரைக் கேட்டு சார் போடறது?” கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சாயங்காலம் வரை ஒரு பெயரும் சேவ் ஆகவில்லை. நாளைக்கும் ஆகாது.