கயலின் பைக்கு மெழுகு

நவம்பர் 14, 1999. ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி துவைக்கவில்லை. கராஜைச் சுத்தம் செய்தபோது கயலின் பை கிடைத்தது. துப்பாக்கிக் குழலை அசையாமல் தாங்குவதற்கு அடியில் வைப்பாளே, அந்த மணல் பை. கித்தானில் மெழுகு போய் வெளுத்திருக்கிறது. அடிப்பக்கம் ஈரம்.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வருகிறாள். அவளும் அவள் அம்மா தேவகியும் என்னை விட்டு பிஸ்கட்டவே ஊருக்குப் போன பிறகு முதல் தடவை. அதற்குள் ஈரம் இறங்காதபடி புதிதாக மெழுகு பூசிவிட வேண்டும்.

மணலைப் பக்கெட்டில் கொட்டியாயிற்று. வாங்க: மெழுகு, பால், பாத்ரூம் பல்பு.

நவ. 16. செவ்வாய்

குளிர். துப்பாக்கிக் கடைப் பெண்மணி மெழுகுக் கட்டி எடுத்துக் கொடுத்தாள். சோப்பு கூடாது, பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டால் போதும் என்றாள். யாருக்கு என்று கேட்டாள். மகளுக்கு. நன்றாகச் சுடுவாளா? ரொம்ப நன்றாக.

ஆபீசில் செந்தில். "சனிக்கிழமை எங்க வீட்ல பாட்லக் சார், ஆளுக்கொரு ஐட்டம் கொண்டு வரோம், கண்டிப்பா வாங்க." வேலை இருக்கிறது என்றேன். எல்லாரும் ஜோடியாக வருவார்கள்.

நவ. 17. புதன்

பை காய்ந்துவிட்டது. மெழுகைத் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். வெள்ளையாக நின்ற மெழுகு உருகித் துணிக்குள் இறங்குகிறது. நிறம் கறுத்து வந்தது. தையல் ஓரத்தில் விரலால் அழுத்த வேண்டியிருந்தது. கட்டைவிரலில் கொப்புளம். ரசம் வைக்க மறந்து, தயிர் சாதம்.

வெகுநாள் கழித்து வீட்டில் ரேடியோ போட்டேன்.

நவ. 18. வியாழன்

தேவகி போன்.

"ஏங்க, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். கயலுக்கு ஸ்கூல்ல டிராமா ரிஹர்சல். அப்புறம்... அவ சுடறத விட்டே ரொம்ப நாளாச்சுங்க. உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டு இருந்தா."

கயல் வாங்கிப் பேசினாள். "ஆர் யூ மேட் அட் மீ, அப்பா?"

"இல்ல கண்ணு. உன் பைக்கு மெழுகு போட்டுட்டிருந்தேன்."

பிறகு, "டூ யூ ஸ்டில் கோ தேர்?"

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குச் சனிக்கிழமைதோறும் போகிறேன் என்றேன். அவள் சுடும்போது உட்கார்ந்திருப்பேனே, அதே பெஞ்சில்.

"பட் யூ டோன்ட் ஈவன் ஷூட்!"

ஆமாம். காபி குடிப்பேன் என்றேன்.

"தென் ஷூட், அப்பா."

நவ. 19. வெள்ளி

பையை எடுத்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு போய்விட்டது. பழைய பேப்பரோடு கட்டி வெளியே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம். வைக்கவில்லை. புனல் வைத்து மணலை நிரப்பி வாயைக் கட்டினேன். கைக்குழந்தை கனம்.

நவ. 20. சனி

வெயில். ரேஞ்சில் துப்பாக்கி வாடகைக்கு எடுத்தேன். ரேஞ்சை நடத்தும் டேல், இத்தனை நாள் எனக்குக் காபி மட்டும் ஊற்றித் தந்தவர், ஒன்றும் கேட்காமல் காதடைப்பானை நீட்டினார். பை நன்றாகத் தாங்கியது. நான்தான் ஆடினேன். இலக்குத் தாளில் ஒரு குண்டுகூடப் படவில்லை. பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. திரும்பினால் பெஞ்சில் ஆளில்லை.

வந்ததும் பிஸ்கட்டவேக்குப் போன். ஆன்சரிங் மெஷின்தான் எடுத்தது. "கண்ணு, அப்பா சுட்டேன். ஒண்ணும் படல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஹலோகூட இல்லை. தமிழில் கேட்டாள்.

"அப்பா, சுடறதுக்கு முன்னாடி மூச்ச வெளிய விட்டீங்களா?"

விடவில்லை. பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.