புலிக்காய் பள்ளிக்கூடத்தில் இருந்தது

மாரிகுப்பம்,
ஜூலை 1906

அன்பு மகள் ஐடாவுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சென்னையில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்த வரியை இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பள்ளி விட்ட பிறகு நாம் நடத்தும் ஆட்டக் கூட்டத்தால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று கேட்டிருந்தாய், உங்கள் பெரிய டீச்சரிடம் காட்டி அங்கேயும் ஒன்று தொடங்க வேண்டும் என்று. திங்கட்கிழமையே எழுதத் தொடங்கினேன். சாராயக் கடைப் பக்கம் திரிந்த பையன்கள் இப்போது பலகையைச் சுற்றி உட்காருகிறார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்காத வீட்டுப் பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு யோசிக்கிறார்கள், தோற்றால் அழாமல் எழுந்துபோகப் பழகியிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். தங்கச் சுரங்கத்தில் இறங்கும் காத்தவராயன் மகள் தங்கம்மா, வகுப்பில் வாயே திறக்காதவள், ஆடுபுலியில் என்னைப் பார்த்து, "உங்க புலி இன்னிக்குப் பட்டினிதான் டீச்சர்" என்று சிரித்ததையும் எழுதினேன். அந்தக் காகிதத்தை முடிக்க முடியவில்லை.

உனக்குத் தெரியும், ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சுரங்க மேட்டில் பொறுக்கிய வெள்ளைக் கல் என்று வைத்திருந்தோம். போன மாதம் சுரங்க வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இந்தக் கல்லு கையில இருந்தா தங்கம் திருடினதா கேசு போடுவாங்க, பசங்களையும் உள்ள தள்ளுவாங்க" என்று மிரட்டிவிட்டுப் போனான். பயந்துபோய்க் கல்லை எறிந்துவிட்டு, வீட்டிலிருந்து வேறு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றேன். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. புதன்கிழமை காலை தங்கம்மா கொண்டுவந்தது அவள் அப்பாவின் பித்தளைப் பில்லை. சுரங்கக் குழி ஷாஃப்டில் இறங்கும்போது ஆணியில் மாட்டிவிட்டு ஏறும்போது எடுத்துக்கொள்ளும் அதே பில்லை. அவள் அம்மா பேத்தமங்களா ஊரில் நாற்று நடப் போயிருந்ததால் வீட்டில் கேட்பார் இல்லை. காத்தவராயனும் அன்று தேடிப் பார்த்துவிட்டு, பில்லைக் கணக்கு எழுதும் தெரிந்த ரைட்டரிடம் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வெறுங்கையோடு இறங்கியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது தரை குலுங்கியது. பலகை புரண்டது, சங்கு ஊதியது, பெண்கள் எல்லாம் ஷாஃப்டைப் பார்த்து ஓடினார்கள். இரும்புக் கூண்டில் கேஜ் கேஜாக ஆட்களை ஏற்றினார்கள். அடுத்த ஷிப்டுக்கு வந்திருந்த உன் அப்பாதான் பில்லை ரூமில்; காத்தவராயன் பில்லை இல்லாமல் இறங்கியது அவருக்குத் தெரியாது. ஆணிகள் எல்லாம் காலியானதைப் பார்த்து, எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று வெளியே வந்து சொன்னார். ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள்.

இங்கே தங்கம்மா சிதறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பில்லை கைக்கு வந்ததும் அப்படியே நின்றாள். "டீச்சர், புலி இங்க கீது. அப்பா ஆணியில இன்னாத்த மாட்டியிருப்பாரு?" என்றாள். எனக்கு அது விளங்கவே சற்று நேரம் ஆனது, ஐடா. அவனுடைய ஆணி காலையிலிருந்தே காலி. அது எனக்குப் புரிவதற்குள் அவள் ஓடிவிட்டாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் உன் அப்பாவின் கையில் அதை வைத்து, "இவரு மேல வரல" என்றாளாம்.

மறுபடி இறங்கினார்கள். சரிந்த முட்டுமரங்களுக்குப் பின்னால் கை ஒடிந்து கிடந்த காத்தவராயனை உயிரோடு எடுத்து வந்தார்கள். உன் அப்பா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தானே எல்லோரும் ஏறிட்டாங்கன்னு சொன்னேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். நானும் புத்தகத்தைத் திறந்து வைக்கிறேன், ஒரு பக்கமும் நகரவில்லை. அவனைக் கணக்கில் இல்லாமல் செய்ததும் நம் ஆட்டம், மீட்டதும் நம் ஆட்டம் என்றால் எதை நான் நன்மை என்று எழுதுவது?

சபைப் பெரியவர்கள் கூட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். நானும் சரி என்றேன். நேற்று காத்தவராயன் கட்டுப் போட்ட கையோடு பள்ளிக்கு வந்து, "நிறுத்தாதீங்கம்மா, எம் பொண்ணு திரும்ப ஊமையா பூடுவா. புலி இல்லேன்னா சொல்லுங்க, வேலையில்லாமத்தான கீறேன், நானே வந்து குந்திக்கிறேன்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்று மணி அடித்ததும் பலகையை எடுத்து வைத்தேன். தங்கம்மா புலிப் பக்கம் உட்கார மாட்டேன் என்றாள், ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து என்னைத் தோற்கடித்தாள்.

அப்பாவைப் பற்றி எழுதியது உனக்கு மட்டும். மற்றதை உங்கள் பெரிய டீச்சரிடம் ஒளிக்காமல் சொல். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அங்கே கூட்டம் தொடங்கினால், முதல் நாளே ஒவ்வொரு காயையும் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேள்.

உன் அன்புள்ள அம்மா,
ஃப்ளோரா பர்னபாஸ்