பின் அறையில் தனியார் பொருட்கள்

ஜூன் 10, செவ்வாய்

வெயில். எட்டரைக்கே ஜாக்கெட் முதுகில் ஒட்டிவிட்டது. இன்று முதல் நூலகம். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவிலிருந்து மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள். மாவட்ட நூலகத் துறையிடமிருந்த கிளை நூலகங்களை மாநகராட்சி எடுத்துக்கொள்கிறது. எனக்கு அபிராமபுரம் கிளை. மந்தைவெளி வீட்டிலிருந்து நடக்கும் தூரம், அதனால் என் பெயர். புத்தகம் படிப்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நூலகர் வனஜா மேடம். அவர் மாவட்டத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கள் முதல் வேறு ஊர். வேலையில் மனம் இல்லை. "எல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு போனில் வீட்டுப் புரோக்கரோடு பேச்சு.

உதவியாளர் ஒருவர், கோதண்டம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெருக்குவது, பேப்பர் போடுவது, புத்தகம் அடுக்குவது எல்லாம் அவர்தான். ஒரு ரேக் எண்ணி முடிப்பதற்குள் தும்மல். அவராகவே ஒரு கைக்குட்டையை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

எண்ணியது: மர ரேக் 9. இரும்பு ரேக் 14. நீள மேஜை 4, ஒன்றுக்குக் கால் ஆட்டம். நாற்காலி 31. ஃபேன் 7, ஓடுவது 5. கடிகாரம் 1, ஓடவில்லை. புத்தகங்கள் பாதிகூட முடியவில்லை.

தினமும் வரும் பெரியவர் ஒருவர், வெள்ளை வேட்டி, மயிலாப்பூரிலிருந்து நடந்து வருகிறார். "கார்ப்பரேஷன்ல எடுத்துண்டா பேப்பர் நாலு வருமா, ரெண்டுதான் வருமா? ஆத்துல ஒரு பேப்பர் வாங்கறேன். அது போறலை" என்றார். தெரியாது சார் என்றேன். தெரியாமல் ஏன் எடுக்கிறீர்கள் என்பதுபோல் ஒரு பார்வை. நியாயம்தான்.

பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண், பெயர் ரேவதி. ஜன்னலோர நாற்காலி அவளுடையது. எட்டு மணிக்கு வருகிறாள். வீட்டில் ஆறு பேராம், ஒரே அறையாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துவிட்டேன். இவர்தான் உப்புமா கிண்டினார். உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றும் அதே வெயில். பின் அறையை எண்ண வேண்டும் என்றேன். கோதண்டம் கொஞ்சம் தயங்கினார். பிறகு சாவியை எடுத்து அவரே திறந்தார்.

பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பாய், சுருட்டி வைத்திருந்தது. தலையணை. கொடியில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. மின் அடுப்பு, சின்னக் குக்கர். கண்ணாடி, அதன் ஓரத்தில் செருகிய பல் துலக்கும் பிரஷ். எல்லாம் சுத்தம். நூலகத்திலேயே சுத்தமான இடம் அதுதான்.

"இங்கேயே இருக்கீங்களா?"

"ஆமா மேடம். ஆத்தோரமா இருந்தப்ப நடந்தே வந்துருவேன். வூட்ட இட்சிட்டு செம்மஞ்சேரிக்கு அனுப்ச்சிட்டாங்க. அங்கருந்து ரெண்டு பஸ்சு. காலைல எட்டுக்குத் தொறக்கணும்னா எத்தினி மணிக்குக் கெளம்பறது? ஆறு வருசமா இங்கதான். வியாயக்கெயம ராத்திரி வூட்டுக்குப் போவேன், சனிக்கெயம காலைல வந்துருவேன்." வெள்ளிதான் நூலகத்துக்கு விடுமுறை.

"வனஜா மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். சாவியே எங்கிட்டத்தான கீது."

எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டது. நல்ல டீ. குடித்துக்கொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னார்: "இத்தெல்லாம் எழுதிராதீங்க மேடம். நம்ம சாமான்."

"எழுத மாட்டேன்" என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை.

ஜூன் 14, சனி

பட்டியல் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அச்சடித்த உறுதிமொழி: கட்டடத்தில் தனியார் பொருட்கள் எதுவும் இல்லை, தனி நபர் யாரும் தங்கவில்லை என்று சான்றளிக்கிறேன். கீழே என் பெயர், பதவி, கையெழுத்து.

ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவில் தங்கராஜ் ஒரு சான்றிதழில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் காலேஜ். வனஜா மேடத்திடம் கேட்டேன். "நான் போறேம்மா, உங்க இஷ்டம்" என்றார்.

உறுதிமொழியை அடித்துவிட்டு எழுதினேன்: பின் அறையில் தனியார் பொருட்கள் சில உள்ளன. அவ்வளவுதான். யாருடையவை என்று எழுதவில்லை. தங்குகிறார் என்றும் எழுதவில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே வரும்போது கோதண்டம், "முடிஞ்சுதா மேடம்? அப்பாடா" என்றார். ம் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

பெயர்ப்பலகை மாறியது. இரண்டு பேர் ஏணியோடு வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். புதுப் பலகை பழையதைவிடச் சின்னது. சுற்றிலும் பழைய பலகையின் வெளுத்த சதுரம் தெரிகிறது.

வனஜா மேடம் கிளம்பினார். ரேவதி மட்டும் அழுதாள். நூலகர் வரும்வரை பொறுப்பு நான்தான் என்று உத்தரவு. "ரெண்டு வாரம்தாம்மா. அப்புறம் உங்க பிரிவுக்கே போயிடலாம்" என்றார் உதவி அலுவலர் சார்.

தைலம் வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

படித்திருக்கிறார்கள்.

சார் போனில்: "பின் ரூம்ல என்னம்மா தனியார் பொருள்? யாருது?" சொன்னேன். வேறு என்ன சொல்ல? "தங்குறாரா?" ஆமாம் என்றேன். "நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இப்ப ஃபைல்ல வந்துடுச்சே. நான் ஒண்ணும் செய்யலேன்னா என் தலை." கோபப்படவில்லை. அவருக்கும் அலுப்பு.

மதியம் சோறு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே கொண்டுவந்தேன். இவர் கேட்டார், வெயில் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மெமோ வந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பின் அறையைக் காலி செய்ய வேண்டும். இனி காலை எட்டுக்கு வராவிட்டால் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு போகும். கொடுக்க வேண்டியது நான்.

கூட்டம் குறையட்டும் என்று பன்னிரண்டு மணிவரை மேஜையிலேயே வைத்திருந்தேன். அவர் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"யாரு எழுதுனது மேடம்?"

வனஜா மேடத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் போய்விட்டார், யாருக்குத் தெரியும்? வாய்வரை வந்தது.

"நான்தான்."

"டீ குடிச்சிக்கினு சொன்னீங்களே."

"கையெழுத்துப் போடணும்னு இருந்துச்சு. பயந்துட்டேன்."

தலையை ஆட்டினார். கையெழுத்து எங்கே என்று கேட்டு, போட்டார். சாவியை வளையத்திலிருந்து பிரித்து மேஜைமேல் வைத்தார். சத்தமில்லாமல்.

ஜூன் 20, வெள்ளி

விடுமுறை. ஆனாலும் சாவி என்னிடம், போகத்தான் வேண்டும். அவருடைய மருமகன் ஷேர் ஆட்டோ கொண்டுவந்தார். பத்து நிமிட வேலை. பாயை நான் தூக்கினேன். "வைங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார் கோதண்டம். மரியாதையாகத்தான். வைத்துவிட்டேன்.

ஆட்டோ கிளம்பியதும் மருமகன் கேட்டது காதில் விழுந்தது: "யாரு மாமா இது?" பதில் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

எட்டேகாலுக்குப் பெரியவர், வாசலில் ஒட்டியிருந்த என் நம்பரைப் பார்த்துப் போன் செய்தார். வாசலில் ஏழு பேர் நிற்கிறார்களாம், பூட்டு தொங்குகிறதாம். யார் திறப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ரேவதி படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் 9.50க்கு வந்தார். சோழிங்கநல்லூர் தாண்டி பஸ் நகரவில்லையாம். பதிவேட்டில் 9.50 என்று எழுதிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். நாள் முழுக்க அவர் பேசியது மூன்று வார்த்தை. சரி மேடம். ஆவட்டும்.

ஜூன் 23, திங்கள்

நான்கரைக்கு எழுந்தேன். சமையல், மகளுக்கு டப்பா, இவருக்கு டப்பா. எட்டுக்குத் திறந்தேன். நேற்றும் நான்தான். அவர் நேற்று 9.35, இன்று 10.05. ஆக மூன்று.

சட்டையெல்லாம் வியர்வை. முதல் பஸ்சில் உட்கார இடமில்லை, கடைசிவரை நின்றே வந்தாராம். இதை என்னிடம் சொல்லவில்லை, பெரியவரிடம் சொன்னார். ரேக்குக்குப் பின்னால் நின்று கேட்டேன். "சின்ன வயசா எனக்கு? கால் வீங்கிப்போது சார்."

பிற்பகல் ஒரு கடிதம் எழுதினேன். கோதண்டத்தின் வேலை நேரத்தைப் பத்திலிருந்து ஐந்தாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்று தடவை அடித்து எழுதினேன். பதினோரு வருடம் பிறப்பும் இறப்பும் எழுதிய கை, ஒரு வேண்டுகோள் எழுத வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கடிதத்தை நானே கொண்டுபோனேன். சார் படித்தார்.

"பத்து மணிக்கு வந்தா, எட்டுக்கு யார் திறப்பா? அஞ்சு மணிக்குப் போனா, ராத்திரி எட்டுக்கு யார் பூட்டுவா?"

"நான்."

"ரெண்டு வாரத்துல உங்க பிரிவுக்குப் போகணும்னு நீங்கதானே தினம் கேக்கறீங்க?"

"கேட்டேன்."

"இதுல கையெழுத்துப் போட்டேன்னா உங்கள விட முடியாது. நூலகர் போஸ்ட் எப்ப நிரம்பும்னு எனக்கே தெரியாது. வருஷக்கணக்குல ஆகலாம். நடுவுல சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரலாம், அவ்வளவுதான். நல்லா யோசிச்சுக்கோங்கம்மா."

எங்கள் பிரிவில் என் மேஜை ஜன்னலுக்குப் பக்கம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், பெயரைச் சரியாக எழுதச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டுவது. ஐந்தரைக்கு வீடு. இதையெல்லாம் நினைத்தேன்.

போடுங்க சார் என்றேன்.

வீட்டில் சொன்னேன். இவர், "உனக்கு என்ன தலையெழுத்து?" என்றார். மகள், நாளையிலிருந்து டப்பா நானே கட்டிக்கிறேம்மா என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

ஜூன் 25, புதன்

விடியற்காலை மழை, பதினைந்து நிமிடம். அதற்கே தெருவில் தண்ணீர். எட்டுக்குத் திறந்தேன். ரேவதி, பெரியவர், இன்னும் மூன்று பேர்.

கோதண்டம் 9.55க்கு நனைந்து வந்தார். உத்தரவைக் கொடுத்தேன். வழக்கம்போல் இரண்டு தடவை படித்தார்.

"பத்துலருந்து அஞ்சு. அப்ப தொறக்கறது யாரு?"

"நான் இருக்கேன்."

"நீங்க போயிருவீங்கன்னாங்களே."

"போகல."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். நேற்றையதையும் சேர்த்து நான்கு நாள் தாமதமும் சிவப்பில் தெரிந்தது. அரை நாள் போய்விடும்.

"அந்த நாலு நாளையும் எட்டுன்னு மாத்திடலாம்" என்றேன். "நான் இன்சார்ஜ். யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சாவியைக் கொடுத்த நாளுக்குப் பிறகு இன்றுதான் நேராகப் பார்த்தார்.

"வேணாம் மேடம். நடந்தத நடந்தபடியே எழுதிருவோம். நீங்க அப்டித்தான எழுதுனீங்க."

9.55 என்று எழுதினார். தலையைத் துவட்டிக்கொண்டு ஈரத் தரையைத் துடைக்கப் போனார்.