ரத்தம் கொடுப்போரின் கண்ணிமையைப் பார்க்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
திருமதி அம்சவேணி ராஜமாணிக்கம்,
கடைவீதி, ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
கிழக்குச் சுரங்க மருத்துவமனை,
கோலார் தங்கவயல்.

பொருள்: ரத்தம் கொடுப்போரின் கண்களை நான் பார்க்கக் கூடாதென்ற தங்கள் உத்தரவும், என் மகனின் கடைவாய்ப் பல்லும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் துளசிராமனுக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய். காயம் பட்டால் பிறர் ரத்தம் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும்.

2. சென்ற ஆண்டு அவனுக்கு ஏற்றப்பட்டது நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளி காத்தவராயனின் ரத்தம். இரண்டு மாதத்தில் என் மகனுக்கு மஞ்சள் காமாலை. காத்தவராயனின் கண் மஞ்சளாக இருந்ததை நான் அன்றே சுட்டிக்காட்டினேன். தங்கள் கம்பவுண்டர், "தங்கம் வெட்டுற ஆளு கண்ணு வேற இன்னா கலர்ல இருக்கும்? போங்கம்மா" என்றார். இதை மருத்துவ விளக்கமாக ஏற்க இயலவில்லை.

3. காத்தவராயனை விசாரித்தேன். உடம்பு அசதி என்று விடுப்புக் கேட்டாராம், கிடைக்கவில்லை. ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு வாரம் சுரங்கத்தில் இறங்காமல் மேலேயே வேலை தருவது இங்கு வழக்கம். "லீவு குடுத்திருந்தா நான் ஏம்மா ரத்தம் குடுக்கப் போறேன்?" என்றார். நோயாளிகளையே பொறுக்கி எடுத்து ரத்தம் வாங்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

4. ஆகவே, நான் படித்த கான்வென்ட்டில் மதர் எங்கள் நகங்களைப் பார்த்த முறையில், ரத்தம் எடுக்கும் அறை வாசலில் நின்று, வருவோரின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். முன்பு காமாலை வந்ததுண்டா என்றும் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

5. திங்களன்று வரிசையில் முதலில் நின்ற, கோட்டு அணியாத கனவான், தொழிலாளருக்கு முன்மாதிரியாக ரத்தம் கொடுக்க வந்த தாங்களே என்று நான் அறியேன். அறிந்திருந்தாலும் பார்த்திருப்பேன். தாங்கள் ரத்தம் கொடுக்காமலே திரும்பினீர்கள். மறுநாள் தடை உத்தரவு வந்தது.

6. வெள்ளியன்று துளசிராமனின் அழுகிய பல்லைப் பிடுங்க வேண்டும். ரத்தம் ஏற்றாவிட்டால் அவன் பிழைக்க மாட்டான். இன்னொரு காமாலையை அவன் ஈரல் தாங்காது என்று சொன்னவரும் தாங்களே.

எனவே, அசதி என்று வருபவருக்கு விடுப்புத் தரவும், ரத்தம் கொடுப்போரின் கண்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை அந்த வேலையை நானே செய்ய அனுமதிக்கவும்.

மேலும், தங்கள் கண்கள் குறையற்ற வெண்மை. காமாலை வந்ததே இல்லை என்றும் அன்று உரத்த குரலில் தெரிவித்தீர்கள். தங்கள் ரத்த வகையும் என் மகனுடையதும் ஒன்றே எனக் கம்பவுண்டர் கூறுகிறார். அன்று கொடுக்காமல் திரும்ப எடுத்துச் சென்ற ரத்தத்துடன் வெள்ளி காலை எட்டு மணிக்கு வர வேண்டுகிறேன். சாப்பிட்டுவிட்டு வரவும். கண்ணை மறுபடியும் பார்ப்பேன்.

தங்கள் வருகையை நம்பியிருக்கும்,
அம்சவேணி ராஜமாணிக்கம்

இடம்: ராபர்ட்சன்பேட்டை
நாள்: 12.6.1968