எங்கள் கொடிக்குச் சக்கரம் உண்டு

அனுப்புநர்
எர்னஸ்ட் ஓல்ட்ராய்ட்,
ரொட்டிக் கடைக்காரர், முன்னாள் பீரங்கி சார்ஜென்ட்,
ஆலைத் தெரு, ஹார்ட்டன்ஷா, யார்க்‌ஷயர்.

பெறுநர்
உயர்திரு நகராட்சிச் செயலர் அவர்கள்,
நகர மன்றம், ஹார்ட்டன்ஷா.

பொருள்: வெற்றி ஊர்வலத்தில் பகுதிநேர பீரங்கிப் படையைக் கடைசியில் நிறுத்தியது குறித்துப் புகார், பீரங்கியோடு முன்னால் வர அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஊர்வல வரிசை அறிவிப்பை நூலக வாசலில் பார்த்தேன். கொடி உள்ள படைகள் முன்னால்; கொடி இல்லாத நாங்கள் பால் வண்டிகளுக்குப் பின்னால். வரிசை போட்ட கவுன்சிலர் திரு. க்ளெக் என் கடைக்கு வந்தபோது காரணம் கேட்டேன். "சனிக்கிழமைச் சிப்பாய்ங்கதானேப்பா நீங்க? ஒரு கொடிகூடக் கிடையாது, முன்னால எதைத் தூக்கிட்டு வருவீங்க?" என்றார். ரொட்டி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1. பீரங்கிப் படைக்குக் கொடி கிடையாது என்பது உண்மை. பீரங்கிதான் எங்கள் கொடி. காலாட்படை கொடிக்கு வைக்கும் சல்யூட்டை நாங்கள் பீரங்கிக்கு வைக்கிறோம். அதை எதிரியிடம் விட்டு வருவதைவிட மானக்கேடு எங்களுக்கு வேறில்லை.

2. சனிக்கிழமைச் சிப்பாய்கள் என்பதும் உண்மையே. போருக்கு முன் வாரமெல்லாம் மாவு பிசைந்துவிட்டுச் சனிக்கிழமை பீரங்கி துடைத்தோம். 1943இல் துனிசியாவில் ஜெர்மானிய டாங்கிகள் வந்த அன்று யாரும் கிழமை பார்க்கவில்லை. பின்வாங்க உத்தரவு வந்தபோது எங்கள் இழுவை வண்டி எரிந்துகொண்டிருந்தது. பீரங்கியில் கயிறு கட்டிச் சகதியில் கையாலேயே இழுத்தோம். நம் ஊர்த் தபால்காரர் வில்ஃப் சக்டன் இயந்திரத் துப்பாக்கியோடு பின்தங்கினார். "நீங்க இழுங்கடா, அவனுங்கள நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினார். அவர் திரும்பவில்லை. பீரங்கி திரும்பியது. அந்த வசந்தத்தில் அதே பீரங்கியோடுதான் துனிஸ் நகருக்குள் வெற்றி வீரர்களாக நுழைந்தோம். ஊரே எங்கள்மேல் பூ வீசியது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

3. இன்று அது நம் பயிற்சிக் கூடத்தில் பளபளவென்று நிற்கிறது. ரப்பர் சக்கரம், சாலை கெடாது. இழுக்கத் திரு. க்ளெக் தம் நிலக்கரி லாரியைத் தந்தால் மெத்த மகிழ்ச்சி. தராவிட்டால் கயிறு இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது.

ஆகவே, எங்களைப் பீரங்கியோடு முன்வரிசையில் விட ஆவன செய்யுமாறும், அது நகர மன்றத்தைக் கடக்கையில் மேடையிலுள்ள பெரியோர் அனைவரும், திரு. க்ளெக் உட்பட, எழுந்து தொப்பி கழற்ற ஏற்பாடு செய்யுமாறும் வேண்டுகிறேன். எங்களுக்காக வேண்டாம். சக்டனின் தாயார் படிக்கட்டருகே நிற்கப்போகிறார். மகன் எதற்காகப் பின்தங்கினான் என்று அவருக்குக் காட்ட எங்களிடம் வேறு கொடி இல்லை.

இடம்: ஹார்ட்டன்ஷா
நாள்: 20 மே 1946

வீடு திரும்பிய பீரங்கிப் படையினர் அனைவர் சார்பிலும்,
எர்னஸ்ட் ஓல்ட்ராய்ட்