அப்பா ஏறாத கப்பல்

12.8.1975, செவ்வாய், கிளேட்டன், மெல்பேர்ன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. என்னோடு வேலை செய்யும் டேவிட்டின் பூட்டன் ஜேர்மனியிலிருந்து நீராவிக் கப்பலில் மெல்பேர்னுக்கு வந்தவர். அந்தக் கப்பலின் பயணிகள் பதிவை இன்றுதான் டேவிட் தேடிப் பிடித்தான். ‘ஷ்மிட்’ என்ற பெயரை எவனோ ‘ஸ்மித்’ என்று எழுதியிருக்கிறான்.

“ஒரு மனிதனின் பெயரையே பறிப்பதா?” என்று மேசையில் குத்தினான்.

அநியாயம்தான் என்றேன்.

“உனக்காவது விளங்குகிறதே, கந்தையா!”

கந்தையா என் அப்பா. நான் லோகநாதன். எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னால் வரும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

“நாளைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்,” என்கிறாள் மனைவி.

“இனி என்னால ஏலாது!”

தோணியில் கால் வைக்கவே பயந்தவர் அப்பா. அவரைத்தான் இவர்கள் இங்கே தினமும் வேலை வாங்குகிறார்கள்.